‘ப்ளோட்’டுக்குத் தமிழ்ச்சொல்: என் வாக்கு ‘வீக்கம்’

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கணினிகளில் ஓடக்கூடிய லினக்ஸ் டெஸ்க்டாப் சூழல்களை (சாளரங்கள், பட்டிகள் என்று திரையில் நாம் பார்க்கும் முகப்பு) பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. காரணம் ‘ப்ளோட்’ என்ற ஒரே சொல். பயனுக்கு மீறி மென்பொருள் பெருத்துப்போவதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்கிறார்கள். இதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள் பருமன், உப்பல், கொழுப்பு, மிகைச்சுமை, வீக்கம் என ஐந்து. ஐந்தையும் கையேட்டின் வாக்கியங்களில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். வீக்கம்தான் நிற்கிறது.

முதலில் பருமன். இந்தச் சொல் அளவைச் சொல்கிறது, குறையைச் சொல்லவில்லை. மென்பொருள் பெரிதாக இருப்பதே தப்பு என்ற எண்ணத்தை வாசகர் மனதில் விதைத்துவிடும். நடைமுறையில் இது எவ்வளவு குழப்பம் தருகிறது என்பதற்கு ஒரு உதாரணம். லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர் கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து, நினைவக நிலவரம் காட்டும் ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைத் தட்டுகிறார். 2 ஜிபி நினைவகத்தில் ‘ஃப்ரீ’ என்ற நெடுவரிசையில் சொற்ப எண்தான் இருக்கிறது. உடனே, “ஐயோ, எல்லாவற்றையும் இந்தச் சூழலே தின்றுவிட்டது” என்று பதறுகிறார். உண்மையில் லினக்ஸின் கருவான கெர்னல் சும்மா கிடக்கும் நினைவகத்தில், வட்டிலிருந்து ஏற்கெனவே படித்த கோப்புகளை வைத்துக்கொள்கிறது. இன்னொரு நிரல் இடம் கேட்டால் அதை விட்டுக்கொடுத்துவிடும். அவர் பார்க்க வேண்டியது அதே வரியின் கடைசியில் இருக்கும் ‘அவெய்லபிள்’ (புதிய நிரல்களுக்குக் கிடைக்கக்கூடியது) எண். 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து இந்த மதிப்பீட்டைக் கெர்னலே தருகிறது. நினைவகம் நிறைந்திருப்பது ஒரு நோய் அல்ல. நாம் வைக்கும் பெயர் அதை நோயாகக் காட்டக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. அதை நானே செய்திருக்கிறேன். பழைய மடிக்கணினியை வேகப்படுத்துகிறேன் என்று உட்கார்ந்து, பயன்படுத்தாத இருபது முப்பது பொதிகளை (நிறுவிய மென்பொருள் தொகுப்புகளை) நீக்கினேன். மறுதொடக்கம் செய்து பார்த்தால் நினைவகக் கணக்கு அப்படியே இருந்தது. வட்டில் தூங்கும் நிரல் நினைவகத்தைத் தொடுவதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் உள்நுழைந்தவுடன் தானாக எழுந்து ஓடுபவை எவை என்று பார்த்தேன். கோப்புகளை அட்டவணைப்படுத்தும் சேவை, புதுப்பிப்பு தேடும் சேவை, இல்லாத அச்சுப்பொறிக்காகக் காத்திருக்கும் சேவை என்று ஒரு வரிசையே இருந்தது. அவற்றை நிறுத்திய பிறகுதான் கணினி மூச்சு விட்டது. நீக்கிய பொதிகளின் அளவு பெரிது, நிறுத்திய சேவைகளின் அளவு சிறிது. ஆனால் தொல்லை கொடுத்தது சிறியதுதான். பருமன் என்ற சொல்லால் இந்த வேறுபாட்டை எழுதவே முடியவில்லை.

உப்பலைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். உப்பல் என்றால் உள்ளே காற்று. இங்கே உள்ளே இருப்பது காற்று அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் நிரல். மிகைச்சுமை நல்ல சொல்தான், ஆனால் சர்வர் எனப்படும் வழங்கிக்குத் தாங்க முடியாத அளவு கோரிக்கைகள் வரும்போது அதைத்தான் எழுதுகிறோம். அந்த இடத்திலிருந்து அதைப் பிடுங்க வேண்டாம்.

கொழுப்புக்கு ஒரு முன்னோடி இருக்கிறது. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாவுஸ் விர்த் 1995-இல் ஒல்லியான மென்பொருளுக்காக வாதாடி எழுதிய கட்டுரையில் கொழுத்த மென்பொருள் என்ற படிமத்தைத்தான் எடுத்தார். வன்பொருள் வேகமாவதைவிட மென்பொருள் மெதுவாவது விரைவாக நடக்கிறது என்ற கருத்து அவர் பெயரால் ‘விர்த் விதி’ என்று நிலைத்தது அந்தக் கட்டுரையால்தான். ஆனால் தமிழில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் பொருள் வருகிறதே. “இந்தச் செயலிக்குக் கொழுப்பு அதிகம்” என்று கையேட்டில் எழுதினால் வசவாகத்தான் படிப்பார்கள். அதோடு, ஆட்களின் உடலைக் குத்திக்காட்டும் சொல்லைக் கலைச்சொல்லாக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, வீக்கத்துக்கு வருவோம். “இது வளர்ச்சியல்ல, வீக்கம்” என்று நாம் தினமும் சொல்கிறோம். பெரிதாவதில் இரண்டு வகை உண்டு, ஒன்று உடம்புக்குப் பலம் தருவது, மற்றது தராதது என்ற பிரிவினை இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ப்ளோட்’ கேட்பதும் அதே பிரிவினைதான். பணவீக்கம் ஏற்கெனவே பழகிவிட்டதால் விர்த் விதியை விளக்குவதும் சுலபம். சம்பளம் கூடியும் கையில் ஒன்றும் மிஞ்சாததுபோல, நினைவகம் கூடியும் வேகம் மிஞ்சுவதில்லை. ஈமேக்ஸ் என்ற உரைத்திருத்தியின் பெயருக்கு ஒருகாலத்தில் ‘எட்டு மெகாபைட், ஓயாத இடமாற்றம்’ (நினைவகம் போதாமல் தரவை வட்டுக்கும் நினைவகத்துக்கும் மாற்றிக்கொண்டே இருப்பது) என்று விரிவு சொல்லிக் கிண்டல் செய்தார்கள். அன்றைக்கு எட்டு மெகாபைட் என்பது பெரிய குற்றச்சாட்டு. இன்றைக்கு எலக்ட்ரான் என்ற செயலிக் கட்டமைப்பில் எழுதிய ஒரு சின்னக் குறிப்பேட்டுச் செயலிகூடத் தனக்கென ஒரு முழுக் குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு வருகிறது.

இலக்கணமும் ஒத்துழைக்கிறது. மென்பொருள் வீங்கும், வீங்கிய சூழல், வீங்கவிட்டார்கள் என்று எல்லா வடிவமும் இயல்பாக வருகின்றன. பருமனிலிருந்து இப்படி ஒரு வினைச்சொல்லை எடுக்கத் திண்டாட வேண்டும். ப்ளோட்டை நீக்குவதைச் சொல்லும் ‘டீப்ளோட்’டுக்கும் விடை கிடைக்கிறது: வீக்கம் வடியும், எனவே வீக்கம் வடித்தல்.

ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினிகளில் மின்கலமே வீங்குவது உண்டு. பழுது பார்ப்பவரிடம் “கணினி வீங்கியிருக்கிறது” என்றால் அவர் அடிப்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்ப்பார். அது ஆபத்தான விஷயம் என்பதால் குழப்பம் கூடாது. முதல்முறை வரும்போது ‘மென்பொருள் வீக்கம்’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு வீக்கம் என்று சுருக்கிக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய கேள்வி வேறு. எது வீக்கம் என்று யார் முடிவு செய்வது? தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது வெறும் தத்துவக் கேள்வி அல்ல. ‘கோப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்து யூனிகோடில் இரண்டே குறியீடு: ககரமும் ஓகாரக் குறியும். திரையில் அது மூன்று துண்டாக வரவேண்டும். இரட்டைக்கொம்பு முன்னால், ககரம் நடுவில், துணைக்கால் பின்னால். இந்த வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துவடிவ நிரலகம் (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொது நிரல்) செய்கிறது. சிக்கனத்தைக் கொள்கையாகவே வைத்திருக்கும் சில டெர்மினல்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகின்றன. மிகச் சிறிய நிரல்களை எழுதும் சக்லெஸ் குழுவின் ‘எஸ்டி’ டெர்மினல் அப்படிப்பட்டது. அதில் ஒரு தமிழ்க் கோப்புப்பெயரைப் பட்டியலிட்டுப் பாருங்கள். ககரம் தனியாக நிற்கும், கொம்பும் காலும் அதற்குப் பின்னால் ஒட்டாமல் கிடக்கும். ஆங்கிலம் மட்டும் எழுதுபவருக்கு அந்த நிரலகம் தேவையற்ற சதை. நமக்கோ அது இல்லையென்றால் படிக்கவே முடியாது. இணையத்தில் கிடைத்த வீக்கம் வடிக்கும் பட்டியல் ஒன்றை நம்பி, நான் ஒருமுறை ஒரு நீண்ட கட்டளையை ஓட்டினேன். எழுத்துருப் பொதிகளும் சேர்ந்து போய், தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக நின்றன. தமிழ் உள்ளீட்டுக்கான ஐபஸ், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஓர்கா, அதற்கு அடியில் ஓடும் அணுகல் சேவை எல்லாம் இப்படித்தான் முதலில் வெட்டுப்படுகின்றன.

அதனால் சொல்லோடு வரையறையையும் சேர்த்தே முன்வைக்கிறேன். மென்பொருள் வீக்கம்: பயன்படுத்துபவருக்கு ஈடான பயன் தராமல் நினைவகம், வட்டு, செயலி நேரம் ஆகியவற்றை ஒரு மென்பொருள் கூடுதலாக எடுத்துக்கொள்வது. ‘பயன்படுத்துபவருக்கு’ என்ற சொல்லை யாரும் தயவுசெய்து நீக்கிவிட வேண்டாம்.

‘ப்ளோட்வேர்’ வேறு பொருள், அதற்கு வீக்கத்தை நீட்ட வேண்டாம். கணினியோடும் கைப்பேசியோடும் நாம் கேட்காமலே வந்து சேரும் செயலிகள் அவை. திணிப்புச் செயலி என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. திணிப்பு என்றால் என்ன என்று தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, குறைந்த வளத்தில் ஓடுவதைச் சொல்லும் ‘லைட்வெயிட்’. எல்எக்ஸ்டிஇ என்ற சூழலின் பெயரிலேயே இது முதல் எழுத்தாக இருப்பதால் தவிர்க்க முடியாது. 2006-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் வழியில்தான், ரேசர்-கியூடி என்ற இன்னொரு சூழலும் சேர்ந்து, இன்றைய எல்எக்ஸ்கியூடி வந்தது. ‘இலகு’ என்று பலரும் எழுதுகிறோம். எனக்கு அதில் ஒரு தயக்கம் இருக்கிறது. இலகு என்றால் எடை குறைவு என்பதோடு சுலபம் என்றும் பொருள். சக்லெஸ் குழுவின், சாளரங்களைத் திரையில் அடுக்கும் சாளர மேலாளரான டிடபிள்யூஎம்மைப் பாருங்கள். மூலநிரல் 2000 வரியைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் எல்லை. ஆனால் ஒரு குறுக்குவிசையை மாற்ற வேண்டுமென்றால் சி மொழிக் கோப்பைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். இதை ‘இலகுவானது’ என்று எழுதினால் நம்பி வரும் புதியவர் திண்டாடிப்போவார்.

எடையும் சரிப்படவில்லை. எடை பொருளோடு ஒட்டியே இருக்கும், இங்கே கணக்கு கூட்டாளிகளைப் பொறுத்து மாறுகிறது. எக்ஸ்எஃப்சிஇ என்ற சூழல் ஜிடிகேயில் எழுதப்பட்டது. ஜிடிகே, கியூடி இரண்டும் சாளரம், பொத்தான் போன்றவற்றை வரையும் நிரலகத் தொகுப்புகள். அதில் ஒரேயொரு கியூடி செயலியைத் திறந்தாலும் கியூடி நிரலகங்கள் புதிதாக ஏறும். அதே செயலி எல்எக்ஸ்கியூடியில் ஏற்கெனவே ஏறியிருக்கும் நிரலகங்களைப் பகிர்ந்துகொள்ளும்.

என் பரிந்துரை ‘சிக்கன’. சிக்கன டெஸ்க்டாப் சூழல், நினைவகச் சிக்கனம். உள்ளதை அளந்து செலவழிக்கும் நடத்தையை இது சொல்கிறது, சுலபம் என்று பொய் வாக்குறுதி தரவில்லை. கஞ்சத்தனத்தின் வாடை வருமோ என்று ஒருவர் கேட்டிருந்தார். வராது என்றே நினைக்கிறேன். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருப்பதே அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தானே. (டெஸ்க்டாப் மேசையா, மேடையா என்பதை இன்றைக்குத் தொடவில்லை. அதற்குத் தனி இழை வேண்டும்.)

இப்போதைக்குக் கையேட்டில் மென்பொருள் வீக்கம், திணிப்புச் செயலி, சிக்கனச் சூழல் என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘வீக்கம் வடித்தல்’ மட்டும் இன்னும் உறுதியில்லை. வடிகட்டி, வடிப்பான் என்று ‘ஃபில்டர்’ பக்கம் அந்த வேர்ச்சொல் நிறைய வேலை செய்கிறது. ‘வீக்கக் குறைப்பு’ என்றால் குழப்பம் இல்லை, ஆனால் கொஞ்சம் மருந்துச்சீட்டு மாதிரி ஒலிக்கிறது. இரண்டில் எது படிக்கும்போது தடுக்காமல் போகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்