குறைமாதக் குழந்தை, கங்காரு முறை, வசம்பு: வீட்டில் என்ன சொல்வது?

கொழிஞ்சாம்பாறைக்காரன்

முதல் குழந்தை, பெண். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள், பிறக்கும்போது 1.6 கிலோ. இன்குபேட்டர் பெட்டியில் வைத்துப் பார்த்து, 1.8 கிலோ ஆனதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மார்போடு தோல் படும்படி எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளுங்கள் (அதுதான் கங்காரு முறையாம்), தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று சிஸ்டர் சொன்னார். வீட்டில் கதை வேறு. பொன்னும் வயம்பும் (எங்கள் கேரளப் பக்கத்தில் வசம்புக்கு அதுதான் பெயர்) தேனில் இழைத்து நாக்கில் தடவவேண்டும் என்கிறார் அம்மா. மாமியார் பொள்ளாச்சியிலிருந்து வரும்போதே வசம்பைச் சுட்டுக் கையோடு கொண்டுவந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு சம்பந்திகளும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்! பச்சை உடம்புக்காரி நாள் முழுக்கப் பிள்ளையை நெஞ்சில் போட்டிருந்தால் இடுப்பு போய்விடுமாம், நான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் பார்க்க நன்றாக இல்லையாம். இந்தக் கங்காரு முறைக்கு நிஜமாகவே ஆதாரம் இருக்கிறதா, இல்லை ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சொல்லும் வழக்கமான அறிவுரையா?

நைட் டியூட்டி

தம்பி, நான் பச்சிளங்குழந்தை வார்டில்தான் வேலை பார்க்கிறேன். ஆதாரம் இருக்கிறது, அதுவும் உங்கள் நிலைமைக்கு நெருக்கமானதே இருக்கிறது. ஹரியானாவில் 1.5 முதல் 2.25 கிலோ வரை எடையுள்ள 8,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2019-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அதில் கங்காரு முறையை ஆரம்பித்ததே வீட்டில்தான். முதல் 28 நாளில் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது, ஆறு மாதம் வரை பார்த்தாலும் கால்வாசி குறைவு. அப்புறம் 2021-இல் இன்னொன்று: டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து செய்தது, 1.8 கிலோவுக்கும் கீழே உள்ள குழந்தைகள். அதுவரை குழந்தை நிலைப்பட்ட பிறகுதான் தாயிடம் கொடுப்போம், இவர்கள் பிறந்த உடனே கொடுத்துப் பார்த்தார்கள். நூற்றுக்குப் பதினாறு குழந்தைகள் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் பன்னிரண்டாகக் குறைந்ததும், இனியும் ஒரு பிரிவுக்கு மட்டும் மறுப்பது சரியில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையையே மாற்றியது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. இந்த எடையில் உடம்பில் கொழுப்பு கிடையாது, சூடு சீக்கிரம் இறங்கிவிடும், சூடு இறங்கினால் பால் குடிக்கத் தெம்பு இருக்காது. நெஞ்சோடு இருந்தால் சூடும் நிற்கும், பாலும் ஊறும், கிருமித் தொற்றும் குறையும். உட்கார்ந்தே இருக்கவேண்டும் என்று இல்லை, சாய்ந்துகொள்ளலாம், துணியில் கட்டிக்கொண்டு நடக்கலாம். அவருக்கு இடுப்பு வலித்தால் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், பாட்டியும் வாங்கிக்கொள்ளலாம்.

தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதிலிருக்கும் ஒரு கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும், தசைகள் செயலிழந்து மூச்சே நின்றுபோகலாம். அபூர்வம்தான், ஆனால் எந்த லாபத்துக்காக அந்த ஆபத்து? குளித்தபின் சாம்பிராணிப் புகையும், மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம். உடம்பில் எண்ணெய் மெதுவாகத் தடவலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதற்குப் பெரும்பாலும் தடை இருக்காது. அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி ஆகும்.

பழைய ரேடியோ

ஆராய்ச்சிக்காரர்கள் இன்றைக்கு ஒன்று சொல்வார்கள், நாளைக்கு மாற்றுவார்கள். எங்கள் அம்மா ஒன்பது பிள்ளைகளுக்கும் வசம்பு கொடுத்துத்தான் வளர்த்தார். வெளிநாட்டுக்காரன் சொல்வதை நம் ஊரில் அப்படியே செய்யவேண்டுமா?

நகரிப் பையன்

ஐயா, கடைசிக் கேள்வி நியாயமானது, அதனால் அதற்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். திருப்பதியில் குழந்தை மருத்துவம் படிக்கிறேன். பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையை 72 மணி நேரம் 33.5 டிகிரி செல்சியஸில் குளிர்வித்து வைப்பது பணக்கார நாடுகளில் நிலைத்துவிட்ட சிகிச்சை, அங்கே உயிரும் காத்தது. அதை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் ஏழு பெரிய மருத்துவமனைகளில் சோதித்தார்கள், சென்னையும் அதில் உண்டு. 2021-இல் முடிவு வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்காதவர்களில் 31. அங்கே நல்லது இங்கே கெடுதலாகிவிட்டது. ஆக, எங்கே சோதித்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். கங்காரு முறை அந்தக் கேள்விக்குத் தாக்குப்பிடிக்கிறது, ஏனென்றால் அது கொலம்பியாவில் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் பிறந்த யோசனை, பெரிய சோதனைகள் நடந்ததும் நம்மைப் போன்ற நாடுகளில்தான்.

வசம்பு விஷயம்: அதிலுள்ள, எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கிய பீட்டா அசரோன் என்ற பொருளுக்காக அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். 1.8 கிலோ குழந்தைக்கு எவ்வளவு கொடுத்தால் பாதுகாப்பு என்று யாரும் அளந்து சொன்னதில்லை. ஒன்பது பேர் வளர்ந்தார்கள், சந்தோஷம். அந்தத் தலைமுறையில் தெருவுக்கு எத்தனை பிள்ளைகள் தங்கவில்லை என்பதையும் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். கேரளத்தில் 2023 கணக்குப்படி சிசு இறப்பு ஆயிரம் பிறப்புக்கு 5, நாடு முழுக்க 25. அந்த 5 வயம்பால் வந்தது இல்லை.

வாளையார் லாரி

நான் என் பையனைச் சட்டையில்லாமல் நெஞ்சில் போட்டுக்கொண்டு கிரிக்கெட் பார்த்தேன், மேலே மனைவியின் பழைய சேலை. முதல் வாரம் மாமனார் அந்த அறைப் பக்கமே வரவில்லை, அப்புறம் அவரே வாங்கிக்கொண்டார். டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும் போதும். மூக்கு அமுங்காமல் தலை பக்கவாட்டில் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், நீங்கள் தூங்கிவிழும் ஆள் என்றால் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஹரியானா ஆய்வை அம்மாவிடம் மலையாளத்திலும் மாமியாரிடம் தமிழிலும் சொல்லிப் பார்த்தேன், தேன் நின்றது, வசம்பு இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. வேறு எதைக் கவனிக்கவேண்டும்?

நைட் டியூட்டி

கண் பரிசோதனை! இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாகவேண்டும், உள்ளே கோளாறு இருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கக் கண் நன்றாகத்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் அட்டையில் தேதி எழுதியிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் நாளைக்கே போன் செய்யுங்கள். பால் குடிக்க மறுத்தால், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சுக்குழி உள்வாங்கினால், கை கால் சில்லிட்டால், உள்ளங்கை பாதம் மஞ்சளானால், வலிப்பு வந்தால், ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சி வரட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள், வண்டியிலும் நெஞ்சோடு வைத்தே கொண்டுபோங்கள்.