எட்டுக்கு நாலு ஷீட்டும் ரெண்டுக்கு மூணு மெஷினும்

போர்டு வேலைக்கு எந்த சி.என்.சி. ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி சுழலும் பிட்டால் ஷீட்டை வெட்டும் மெஷின்) வாங்கலாம் என்று கேட்ட தம்பிக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஈரோட்டில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை செய்யும் சின்ன போர்டு கடை. இப்போது முழுக்க ஏ.சி.பி.யும் (ரெண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த ஷீட்) அக்ரிலிக் எழுத்தும்தான். முதலில் எடுத்தது 6090, அதாவது ரெண்டடிக்கு மூணடி. கடையில் இடமில்லை, கையில் காசும் அவ்வளவுதான். ஷீட் வருவதோ எட்டடிக்கு நாலடி. தினமும் கையால் துண்டு போட்ட பிறகுதான் மெஷினில் ஏற்ற முடியும். பத்தடி போர்டில் மூணடிக்கு ஒரு ஜாயின்ட். சாய்ந்த வெயில் பட்டால் அந்தக் கோடுதான் முதலில் தெரியும். ஒரு ஜவுளிக்கடைக்காரர் போர்டைத் திருப்பியே அனுப்பிவிட்டார். ஒன்றரை வருஷத்தில் அந்த மெஷினை விற்று 1325, அதாவது 1.3 மீட்டருக்கு 2.5 மீட்டர் மெஷின் எடுத்தேன். முழு ஷீட் அப்படியே படுக்கும்.

ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுழற்றும் மோட்டார், எத்தனை கிலோவாட் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் வேலைக்கு 3 தாராளம். அதைவிட ஷீட்டைப் படுக்க வைக்கும் பெட் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி.பி.யை மடிக்க, வி வடிவ பிட்டைப் பின்பக்கம் ஓட்டிப் பள்ளம் எடுக்கும்போது முன்பக்கத் தகடும் அதை ஒட்டி நடு பிளாஸ்டிக்கில் மெல்லிய படலமும் மிஞ்ச வேண்டும். பெட் அரை மில்லி ஏறி இறங்கினால் ஒரு முனையில் தகடு அறுந்துவிடும், மறுமுனை மடியவே மடியாது.

டெமோவில் ஆங்கில எழுத்தைத்தான் வெட்டிக் காட்டுவார்கள். உங்கள் ஷீட்டையும் 'கண்ணன் ஸ்டோர்ஸ்' என்று ரெண்டு இஞ்ச் எழுத்தில் போட்ட ஃபைலையும் எடுத்துப் போங்கள். 'ண்ண' சுழிக்குள் 6 மி.மீ. பிட் நுழையாது, 3 மி.மீ. போடச் சொல்லுங்கள். வட்டமாக வரைந்த சுழி முட்டை மாதிரி வந்தால் கியரில் ஆட்டம் இருக்கிறது. அந்த மெஷினை விட்டுவிட்டு வாருங்கள்.

ஷீட்டைப் பம்பால் உறிஞ்சிப் பிடிக்கும் வேக்குவம் பெட் கேட்பதற்கு முன் கடைக்கு மூணு பேஸ் லைன் வாங்கிவிடுங்கள். பெரிய பம்பு சிங்கிள் பேஸில் ஓடாது.

*

நானும் போர்டு வேலை செய்கிறவன்தான். மேலே ஈரோட்டு அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் முதலில் லேசர் வெட்டும் மெஷின்தான் வாங்கினேன். அக்ரிலிக் மட்டும் வெட்டுகிறவர்களுக்கு அது போதும், விளிம்பு கண்ணாடி மாதிரி வரும். ஆனால் ஃபோம் ஷீட் பி.வி.சி.; லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். தெரியாமல் ரெண்டு மாசம் வெட்டினோம். மெஷின் தலை ஓடும் ரெயில் முழுக்கத் துரு, பையனுக்கு ஓயாத இருமல். அன்றோடு ஃபோம் வேலையை ரூட்டருக்கு மாற்றினேன்.

இன்னொன்று, கடை ஷட்டரின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு மெஷினுக்கு ஆர்டர் கொடுங்கள். எங்களுடையது ஆறடி. மெஷின் வந்த லாரி ராத்திரி முழுக்க வாசலில் நின்றது. கேன்ட்ரியை (பெட்டுக்கு மேலே குறுக்காக ஸ்பிண்டிலைத் தாங்கும் பாலம்) கழற்றித்தான் உள்ளே ஏற்றினோம், திரும்பப் பூட்டி மூலைமட்டம் பார்க்க மூணு நாள் ஆனது.