எண்ட்பாயிண்ட்டுக்கு ஒரு சொல் போதாது

சிகிச்சை எட்ட வேண்டிய இலக்கை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் 'எண்ட்பாயிண்ட்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'முடிவுப்புள்ளி' வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பாவுக்கு எட்டு மாதமாக இதயத்தின் மேலறை நடுங்கிக்கொண்டே இருந்தது. மாத்திரைக்கு அடங்காததால் தொடை வழியாகக் குழாய் விட்டு, கோளாறான மின்துடிப்பு கடக்காதபடி இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் 'அப்லேஷன்' சிகிச்சை செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தமிழ்த் தாளில் 'சிகிச்சையின் முடிவு எட்டப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். நோய் முடிந்தது என்றே அவரும் எடுத்துக்கொண்டார், நானும் எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் மாதம் ஈசிஜியில் மறுபடியும் அதே ஒழுங்கில்லாத துடிப்பு. தாளைத் தேடி எடுத்து வந்து அந்த வரியில் விரலை வைத்து, "இது பொய்யாப்பா?" என்று கேட்டார். பொய்யில்லை, தப்பான சொல்.

மருத்துவர் சொல்ல வந்தது வேறு. 1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசாகேர் குழுவினர், விட்டு விட்டு வரும் நடுக்கத்தைக் கிளப்பிவிடும் துடிப்புகளில் பெரும்பாலானவை, மேலறையில் வந்து சேரும் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தே வருகின்றன என்று காட்டினார்கள். அதிலிருந்து அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வளைத்து மின்தொடர்பை அறுப்பதுதான் அடிப்படை உத்தி. அறுந்ததா என்று பார்க்க வளைய வடிவக் குழாயைச் சிரை வாயில் வைக்கிறார்கள். திரையில் கூர் கூராகத் தெரியும் சிரையின் மின்துடிப்பு முதலில் தாமதிக்கும், பிறகு சட்டென்று காணாமல் போகும். சில நேரம் சிரை உள்ளுக்குள் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருக்கும், ஆனால் மேலறைக்கு அது எட்டவே எட்டாது. தொடர்பு திரும்ப உயிர்க்கிறதா என்று 20, 30 நிமிடம் காத்திருந்து பார்ப்பவர்களும் உண்டு. இது சிகிச்சை மேசையில் மருத்துவர் கையை எடுக்கலாம் என்பதற்கான அடையாளம். இதை நிறைவுக்குறி என்று சொல்வோம்.

நோயாளிக்குப் பலன் கிடைத்ததா என்று ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்ப்பது வேறொன்று. பெரும்பாலான ஆய்வுகள் முதல் மூன்று மாதத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குப் பிறகு 30 நொடி நடுக்கம் பதிவானாலே நோய் திரும்பியது என்று எழுதிவிடுகிறார்கள். நாள் முழுக்க நடுங்குபவரும் அரை நிமிடம் நடுங்கியவரும் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். அதனால்தான் மொத்த நேரத்தில் எத்தனை பங்கு நடுக்கத்தில் போனது என்பதையும் இப்போது அளக்கிறார்கள். இந்த வகைக்கு விளைவுக்குறி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள் என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

இது சொல் விளையாட்டில்லை. 2015இல் வந்த ஸ்டார் ஏஎஃப் 2 ஆய்வில் விடாத நடுக்கமுள்ள 589 பேர். சிரைகளின் மின்துண்டிப்பு மட்டும் செய்யப்பட்டவர்களில் 18 மாதம் கழித்து நடுக்கமின்றி இருந்தவர்கள் 59 சதவீதம். கூடவே மேலறையில் சிக்கலான மின்துடிப்புள்ள இடங்களையும் சுட்ட நோயாளிகளில் 49, கூடுதலாகக் கோடு கோடாகவும் சுட்ட நோயாளிகளில் 46. கூடுதல் வேலையால் பலன் கூடவில்லை. 2023இல் காப்லா ஆய்வு மேலறையின் பின்சுவரையும் சேர்த்துத் துண்டித்துப் பார்த்தது, அங்கும் ஓராண்டில் வித்தியாசமில்லை. மாறாக, மேலறையை ஒட்டிய மார்ஷல் சிரை என்ற சிறு சிரைக்குள் ஆல்கஹாலும் செலுத்திய வீனஸ் ஆய்வில், நடுக்கமின்றி இருந்தவர்கள் 38 சதவீதத்திலிருந்து 49 ஆனார்கள். ஆக, மேசையில் கிடைக்கும் நிறைவுக்குறிகளை அடுக்கிக்கொண்டே போனால் விளைவுக்குறி தானாக வந்து சேராது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், முடியாது.

அப்புறம் 'அப்லேஷன்'. 'நீக்கம்' சரியில்லை, எதையும் வெட்டி எடுப்பதில்லை. 'சுடுதல்' நோயாளிக்கு உடனே புரிகிறது, நானே மேலே எழுதிவிட்டேன். ஆனால் பலூனால் உறைய வைக்கும் முறையில் சூடே கிடையாது. இப்போது பரவிவரும் மின்துடிப்புப் புல முறையோ உயிரணுச் சவ்வில் நுண்துளைகளைப் போட்டுக் கொல்கிறது, அதற்கும் வெப்பம் முக்கியமில்லை. எந்த வழியில் போனாலும் கடைசியில் அங்கே மிஞ்சுவது மின்சாரம் கடத்தாத வடு. எனவே வடுவாக்கம். இதிலிருந்து 'வடுக்கோடு', 'வடுவிடைவெளி' என்று சொற்கள் இயல்பாகக் கிளைக்கின்றன. இதயத்தில் வடு என்றால் நோயாளி பயப்படுவார் என்று ஒருவர் சொன்னார். பயப்படலாம்தான், ஆனால் நடப்பது அதுதான், விளக்கிச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள்.

நடுக்கத்தின் ஒரு வகையான 'பெர்சிஸ்டென்ட்' என்பதை 'நிலைத்த' என்றால் 'நிரந்தர' வகையோடு ஒட்டிக்கொள்கிறது. ஏழு நாளைத் தாண்டியும் தொடர்வது ஒன்று, இனி சீரான துடிப்புக்கு முயல்வதில்லை என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து விட்டுவிடுவது இன்னொன்று. காய்ச்சலுக்கு நாம் சொல்வது போலவே 'விட்டு விட்டு வரும் நடுக்கம்', 'விடாத நடுக்கம்' என்றால் போதுமே.

மின்துண்டிப்புக்குப் பிறகு சிரைக்குள் துடிப்பு நுழையாததையும் சிரையிலிருந்து வெளியே வராததையும் 'அடைப்பு' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். இதயம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்பு வந்தால் ரத்தக் குழாய் அடைப்பு என்றுதான் யாரும் படிப்பார்கள். போதாததற்கு, நுரையீரல் சிரை உண்மையிலேயே சுருங்கிப்போவது இந்தச் சிகிச்சையின் அரிதான பக்கவிளைவு. 'உட்புகா நிலை', 'வெளியேறா நிலை' என்று வைத்துக்கொள்ளலாம். மேலறைக்கு இலங்கைப் பாடநூல்களில் 'சோணையறை' இருக்கிறது, நல்ல சொல், அங்குள்ளவர்களுக்கான தாளில் அதையே போட வேண்டும்.

சித்தப்பாவின் தாளில் இருந்த வரியை இப்படி மாற்றி எழுதினேன்: 'நான்கு சிரைகளிலும் மின்துண்டிப்பின் நிறைவுக்குறி கிடைத்தது. நடுக்கம் திரும்புகிறதா என்பதை அடுத்த ஓராண்டு பார்த்தே சொல்ல முடியும்.' நேற்று வாசித்துக் காட்டினேன். "அப்போ அன்னைக்கு அவங்க வேலை முடிஞ்சுது, என் வேலை முடியலை," என்றார்.