விகன் கோப்பை அடித்த சீசன்: நம்ம பக்கம் யார் யார் பார்த்தீர்கள்?

கிருஷ்ணகிரி (தொடங்கியவர்)

2012–13 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்தில் பெரிய, சின்ன பிரிவு அணிகளெல்லாம் மோதும் நாக்-அவுட் கால்பந்துப் போட்டி) என்று பேச்சு வந்தாலே, அதை வென்ற சின்ன அணியைப் பற்றி "விகனுக்கு லாட்டரி அடித்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஃபைனலை முழுசாகப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பார்த்தவர்கள் எழுதுங்கள், முதலில் என் கதை.

2013 மே 11, சனிக்கிழமை. மாங்காய் சீசன். அப்போது ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நம் நேரத்துக்கு இரவு ஒன்பதே முக்காலுக்கு ஆட்டம், வாசலில் லாரிக்குப் பெங்களூரா மாங்காய் லோடு ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருஷத்து மின்வெட்டு மறந்திருக்காது. இன்வெர்ட்டரில் ஃபேன் ஓடுவதா, டிவி ஓடுவதா என்று ஒரு பஞ்சாயத்தே நடந்தது. டிவி ஜெயித்தது.

லோடு ஏற்ற வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஏம்பா, இதுல யாரு பணக்காரன்?" என்றார். மான்செஸ்டர் சிட்டி, அபுதாபி காசு, போன வருஷம் லீக் சாம்பியன் என்று சொன்னேன். "அப்ப நான் அந்த இன்னொருத்தன் பக்கம்" என்று காலி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாக்-அவுட் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நம்ம ஊர் கபடி, கிரிக்கெட் போட்டியெல்லாம் அதுதானே.

ஆட்டத்தில் விகன் பதுங்கவே இல்லை. அவர்களுடைய 22 வயது கேலம் மெக்மனமன் பந்து கிடைத்தபோதெல்லாம் நேராக டிஃபெண்டர் மேலேயே ஏறினான். அவனைத் தடுக்கப்போய்த்தான் 84வது நிமிஷத்தில் சிட்டி டிஃபெண்டர் சபலேட்டா இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியே போனார். அதற்குச் சற்று முன்புதான் விகனின் பென் வாட்சன் மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருந்தார். அந்த சீசனில் கால் முறிந்து பல மாதம் ஆடாமல் இருந்தவர் அவர். 90 நிமிஷம் தாண்டி மலோனி அடித்த கார்னர். முதல் கம்பத்துப் பக்கம் ஓடி வந்து வாட்சன் தலையால் திருப்பிவிட்டார். சிட்டி கோல் கீப்பர் ஜோ ஹார்ட்டுக்குக் கை எட்டவில்லை. 1–0.

பெரியவர் விசில் அடித்ததில் லாரி டிரைவர் தூக்கம் கலைந்து இறங்கி வந்தார்.

விகனின் அப்போதைய முதலாளி டேவ் வீலன் கதையும் இதோடு சேர்ந்தது. 1960 ஃபைனலில் பிளாக்பர்ன் அணிக்கு ஆடியபோது அதே வெம்ப்ளியில் கால் முறிந்தவர். இந்த முறை தன் அணியை அவரே மைதானத்துக்குள் அழைத்து வந்தார். இதை யாராவது கதையாக எழுதியிருந்தால் ரொம்ப ஓவர் என்றுதான் சொல்வோம்.

மூன்றாம் நாள், மே 14, ஆர்சனலிடம் 4–1 தோல்வி. முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து விகன் அடுத்த பிரிவுக்குக் கீழே இறங்கியது. ஒரே சீசனில் எஃப்.ஏ. கோப்பையும் வென்று கீழேயும் இறங்கிய முதல் அணி. அதற்கு முந்தின நாளே சிட்டி தன் மேனேஜர் மான்சினியை வீட்டுக்கு அனுப்பிவிட்டது!

ஓசூர்

அண்ணா, ஃபைனல் சரி. ஆனால் அந்த சீசனின் அழகே ஜனவரியில் நடந்த நான்காம் சுற்றுதான். நைட் ஷிஃப்ட் முடித்து ரூமுக்கு வந்து ஸ்கோர் பார்த்தால் நம்பவே முடியவில்லை. ஐந்தாம் பிரிவில், அதாவது மேல் நான்கு பிரிவுகள் சேர்ந்த லீக்குக்கு வெளியே ஆடிய லூட்டன், பிரீமியர் லீக் நார்விச்சை அவர்கள் மைதானத்திலேயே 1–0 என்று சாய்த்தது. 1989இல் சட்டன் யுனைடெட் கோவென்ட்ரியை வென்றபிறகு லீக்குக்கு வெளியே உள்ள அணி ஒன்று முதல் பிரிவு அணியை வீழ்த்தியது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஓல்டாம் 3–2 என்று லிவர்பூலை முடித்தது. லீட்ஸ் 2–1 என்று டாட்டனாமை அனுப்பியது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், விகனுக்கு டிராவில், யாரோடு யார் மோதுவது என்ற குலுக்கலில், கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. போர்ன்மவுத் அப்போது மூன்றாம் பிரிவு, மேக்கிள்ஸ்பீல்ட் லீக்கிலேயே இல்லை, அப்புறம் ஹடர்ஸ்பீல்ட். செமி ஃபைனலில் மில்வால். பெரிய அணி என்றால் எவர்ட்டனும் சிட்டியும் மட்டும்தான்.

கிருஷ்ணகிரி

தம்பி, அந்த எவர்ட்டனைத்தான் அவர்கள் ஊருக்கே போய் 3–0 அடித்தார்கள். மூன்று கோலும் ஏறக்குறைய நாலு நிமிஷத்துக்குள். டீ வாங்க எழுந்து போனவன் திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்த கணக்கு. அதற்கும் டிராதான் காரணமா?

தர்மபுரி

2013இல் நான் பார்க்கவில்லை, பரீட்சை. ஆனால் 2018 பிப்ரவரியில் பார்த்தேன். ஹாஸ்டலில் போர்வைக்குள் போன், நடு ராத்திரி தாண்டி ஆட்டம். விகன் மூன்றாம் பிரிவில் இருந்தது. சிட்டியோ அந்த வருஷம் 100 புள்ளி எடுத்து லீக் வென்ற அணி. வில் கிரிக் ஒரே கோல், 1–0. நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரன் தலையணையால் அடித்தான். நடுவில் 2014 மார்ச்சிலும் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே 2–1 என்று விகன் வெளியேற்றியிருக்கிறது. ஒரே ஆளுக்கு மூன்று தடவை லாட்டரி அடிக்குமா?

ஓசூர்

சரி, சரி, லாட்டரி இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிராவைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.