புதுப்பிப்பு: மாற்று இணையத்துக்கு எந்த மோடம் எடுத்தேன்

ஃபைபர் லைன் அறுந்தால் வேலை நிற்காமல் இருக்க சிம் போட்டு ரவுட்டரில் செருகும் யூஎஸ்பி டாங்கிள் வாங்கலாமா, பேட்டரி உள்ள வைஃபை ஹாட்ஸ்பாட் வாங்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் ஹாட்ஸ்பாட்தான் எடுத்தேன். கரண்ட் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும். அதில் செருகிய டாங்கிளால் அப்போது பயனில்லை.

"உன் சிம் எந்த பேண்டில் ஓடுகிறது என்று முதலில் பார்" என்று ஒருவர் சொன்னது பெரிய உதவி (பேண்ட் என்றால் மொபைல் சிக்னல் வரும் அலைவரிசை). நான் பார்த்து வைத்திருந்த மாடலில் பேண்ட் 28, அதாவது 700 மெகாஹெர்ட்ஸ், இல்லவே இல்லை. சுவரைத் தாண்டி உள்ளே நன்றாக வருவது இந்த மாதிரி தாழ்ந்த பேண்டுகள்தான்.

அடுத்தது, வைக்கும் இடம். மேசைமேல் ஆர்எஸ்ஆர்பி (டவரிலிருந்து வரும் சிக்னலின் வலு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது) -112 டிபிஎம் காட்டியது; ஜன்னலோரம் நகர்த்தியதும் -94. 10 டிபி (டெசிபல்) கூடினாலே சிக்னல் வலு 10 மடங்கு, அப்படியானால் 18 எவ்வளவு என்று பாருங்கள்! திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள், ஹாட்ஸ்பாட்டின் அட்மின் பக்கத்தில் (பிரவுசரில் திறக்கும் அமைப்புப் பக்கம்) இந்த எண்ணைத் தேடுங்கள்.

எப்போதும் சார்ஜரிலேயே போட்டு வைக்காதீர்கள். நண்பர் அப்படி வைத்திருந்த பழைய ஹாட்ஸ்பாட்டைக் கையில் வாங்கினேன்: பேட்டரி உப்பி, பின்மூடி ஒரு பக்கம் தூக்கி நின்றது. என்னுடையதை வாரம் ஒருமுறை சார்ஜ் செய்து எடுத்து வைக்கிறேன்.

லேப்டாப்பில் இந்த வைஃபைக்கு மட்டும் 'மீட்டர்டு' அமைப்பை (டேட்டா அளவானது என்று லேப்டாப்புக்குச் சொல்வது) ஆன் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அப்டேட்டே டேட்டாவைத் தின்றுவிடும்.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. சிம் இணைப்பு சிஜிநாட்டுக்குப் (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருப்பதால், போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசல்) திறந்து வெளியிலிருந்து வீட்டுக் கேமராவுக்குள் வர முடியவில்லை. விபிஎன் (இணையம் வழியே போடும் தனிப் பாதுகாப்புப் பாதை) வைத்துப் பார்க்கப் போகிறேன்.