படகு வலப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது, மணல் மூட்டை வைத்தும் நிமிரவில்லை

சீனன்குடா_31:
வணக்கம். என்னிடம் 31 அடி பைபர் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. நாலரைத் தொன். திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரத்தில் நிற்கிறது. சித்திரையில் கொஞ்சம் வேலை செய்தேன். பழைய சின்னப் பற்றரியைக் கழற்றிவிட்டு 28 கிலோ பற்றரி இரண்டு போட்டேன். அதற்குப் பிறகு படகு வலப்பக்கம் சரிந்தே நிற்கிறது. டிங்கியில் (கூட இருக்கிற சின்னப் படகு) இறங்கிச் சுற்றிப் பார்த்தால் இடப்பக்கம் நாலு விரல் அகலத்துக்குப் பாசி வெளியே தெரிகிறது. தேத்தண்ணிக் கோப்பை மேசையில் நிற்காது. இரவில் மனைவி உருண்டு என்மேல் வருகிறா.

போன கிழமை இடப்பக்க இருக்கைக்குக் கீழே மணல் மூட்டை வைத்தேன், 50 கிலோ வரும். பின்னேரம் கொஞ்சம் நிமிர்ந்தது. விடிய எழும்பிப் பார்த்தால் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், தண்ணீர் இல்லை, கையை விட்டே பார்த்தேன். இன்னும் எத்தனை மூட்டை வைக்கலாம்? ஆடியில் பிள்ளைகளோடு புறாமலைத் தீவுப் பக்கம் போக இருக்கிறோம்.

நங்கூரக்கல்:
மணல் ஈரம் பிடிக்கும், நாறும். ஈயக் கட்டி வாங்கி வையுங்கள். குறைந்த இடம்தான் பிடிக்கும், வேலை முடிந்தது.

கொட்டியாரக்கரை:
தம்பி, ஈயமும் வேண்டாம். முதலில் அந்த மணலையும் இறக்குங்கள். நான் மூதூரில் 30 வருடம் போட் ஓட்டியவன். ஐஸ்பெட்டி, வலை, எண்ணெய்க் கான் எல்லாவற்றையும் அங்கே இங்கே தள்ளித்தான் மட்டம் எடுப்போம், மட்டத்துக்கென்று புதிதாக ஒன்றும் ஏற்றுவதில்லை. பாரத்துக்குப் பாரம் போட்டுக்கொண்டு போனால் கடைசியில் படகு நேராகத்தான் நிற்கும், ஆனால் ஒரு சாண் தாழ்ந்து நிற்கும்.

சாய்வை எந்த நேரத்தில் பார்த்தீர்கள்? கச்சான் காற்று அடிக்கிற நேரத்தில் பார்த்தது கணக்கில் இல்லை. விடிய ஆறு மணிக்கு, காற்று எழும்ப முதல் பாருங்கள். கீல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி) சேற்றில் குந்துகிறதா என்றும் பாருங்கள். இங்கே வற்றுப்பெருக்கு முக்கால் மீற்றர்கூட வராது, ஆனால் கரையோரமாக நிற்கிற படகுக்கு அதுவே போதும்.

பிள்ளைகளை ஏற்ற முதல் இதைத் தீருங்கள். 2021இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்ததுக்குப் பிறகு சரிந்த படகைக் கண்டால் எங்களுக்கு நெஞ்சு பதறும்.

சீனன்குடா_31:
நன்றி காக்கா. ஆழம் நிறைய இருக்கிறது, சேறு இல்லை. இன்று ஆறு மணிக்குக் காற்று துளியும் இல்லை, சாய்வு அப்படியே இருந்தது.

இஞ்சின்றூம்:
உங்கள் கதையில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: பின்னேரம் ஒரு சாய்வு, விடிய இன்னொரு சாய்வு. பற்றரி இரவில் நடந்து போகாது. தண்ணீரோ டீசலோ ஓடுகிறது. குடிதண்ணீர்த் தாங்கி எத்தனை? இரண்டென்றால் நடுவில் குழாய் இருக்கிறதா?

அதற்கு முதல் ஒரு அளவு எடுங்கள். உள்ளே இறங்குகிற வாசலில், நடுக்கோட்டில், மேசன்மாரின் தூக்குக் குண்டு ஒன்றைக் கட்டுங்கள். நூல் சரியாக 1 மீற்றர். குண்டு ஆடாமல் இருக்க வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். வாளிக்கு மேலே அளவுகோலைக் குறுக்கே வைத்து, நூல் நடுவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். 17.5 மில்லிமீற்றர் என்றால் ஒரு பாகை. பார்க்கிற நேரத்தில் நீங்களும் நடுவில்தான் நிற்கவேண்டும்.

அப்புறம் 20 லீற்றர் கான் மூன்றில் தண்ணீர் நிரப்பி இடப்பக்க ஓரத்தில் வையுங்கள். அது 60 கிலோ. நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீற்றர் என்று அளந்து பெருக்குங்கள். நூல் எவ்வளவு நகர்ந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் உங்கள் படகு ஒரு பாகை சாய எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துவிடும். பெரிய கப்பலிலும் இதே வேலையைத்தான் செய்வோம், குண்டு மட்டும் பெரிது.

சீனன்குடா_31:
மணலை இறக்கிவிட்டுச் செய்தேன். பின்னேரம் இரண்டு தாங்கியிலும் தடியை விட்டுப் பார்த்து, ஆளுக்கு 60 லீற்றராக ஆக்கினேன். நூல் வலப்பக்கம் 40. விடிய 55! கான் மூன்றையும் 1.3 மீற்றர் தள்ளி வைத்தபோது நூல் 20 மில்லிமீற்றர் திரும்பி வந்தது.

தாங்கி இரண்டும் இருக்கைகளுக்குக் கீழே, ஆளுக்கு 100 லீற்றர், தட்டையானவை. நடுவில் குழாய் இருக்கிறது, வால்வும் இருக்கிறது. பம்ப் ஒன்றுதான் என்பதால் அதை எப்போதும் திறந்தே விட்டிருக்கிறேன். விடிய மறுபடி தடியை விட்டேன். இடது 30க்குக் கிட்ட, வலது 90க்குக் கிட்ட. அப்போதுதான் விளங்கியது, ஏன் இடப்பக்கத் தாங்கி மட்டும் எப்போதும் குறைகிறது என்று. மனைவியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இஞ்சின்றூம்:
அவவிடம் மன்னிப்புக் கேளுங்கள். 60ஐ 1.3ஆல் பெருக்கினால் 78. அதற்கு 20 மில்லிமீற்றர், அதாவது ஒரு பாகைக்குக் கொஞ்சம் கூட. ஆகவே உங்கள் படகுக்குப் பாகைக்கு 68 என்று வையுங்கள் (கிலோவை மீற்றரால் பெருக்கின கணக்கு). தாங்கிக்குத் தாங்கி 1.8 மீற்றர் என்று வைத்தால், 30 லீற்றர் தண்ணீர் இடமிருந்து வலம் போவது 54. இரவில் கூடின 15 மில்லிமீற்றர் ஏறக்குறைய அதுதான். படகு சரிகிறது, தண்ணீர் சரிந்த பக்கம் ஓடுகிறது, ஓடினதால் இன்னும் சரிகிறது. நீங்கள் மணல் வைத்ததும் தண்ணீர் ஓடியதும் ஒரே இரவில் நடந்த இழுபறி. வால்வைப் பூட்டுங்கள். ஒருநாள் ஒரு தாங்கி, மறுநாள் மற்றது என்று பாவியுங்கள்.

மிச்சம் 40 மில்லிமீற்றர் உண்மையான பாரம். வலப்பக்கத்தில் பற்றரியைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

சீனன்குடா_31:
பின் பெட்டிக்குள் உதிரிச் சங்கிலி 40 மீற்றர், 8 மில்லிமீற்றர். பின் கம்பியில் டிங்கியின் இஞ்சின், 25 கிலோ. எல்லாம் வலது. இப்போது எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

இஞ்சின்றூம்:
அந்தச் சங்கிலி மீற்றருக்கு 1.4 கிலோ, ஆக 55 கிலோவுக்கு மேல். பற்றரி இரண்டையும் படிக்குக் கீழே, இஞ்சினுக்கு முன்னால், நடுவில் கொண்டுபோங்கள். வார் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், காற்றோட்டமும் விடுங்கள். கேபிள் நீளம் கூடினால் தடிப்பும் கூடவேண்டும். சங்கிலியைப் பாய்மரத்துக்குக் கிட்ட தரைப்பலகைக்குக் கீழே இறக்குங்கள், அதையும் கட்டுங்கள். எதையும் மேல்தளத்தில் வைத்துச் சமன் செய்யாதீர்கள். மட்டம் வரும், ஆனால் அலையில் படகு தள்ளாடும்.

கொட்டியாரக்கரை:
சங்கிலி பின்னால் இருந்து போனால் அணியம் (முன்பக்கம்) கொஞ்சம் தாழும். அதையும் டிங்கியில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனன்குடா_31:
மூன்று நாள் வேலை. சங்கிலியைத் தூக்கினதில் முதுகு போய்விட்டது. இன்று விடிய நூல் 7 மில்லிமீற்றர், நேற்றுப் பின்னேரமும் அதே 7. பாசிக்கோடு இரண்டு பக்கமும் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது என்றே எனக்கு முதலில் தெரியாது, இப்போது அதுவும் எழும்பியிருக்கிறது. மிச்சம் 7 அந்த டிங்கி இஞ்சின்தான். வேலைச் சாமான் பெட்டியை இடப்பக்கம் மாற்றினால் போய்விடும், ஆனால் இனி நான் ஒன்றையும் தூக்கமாட்டேன். மனைவி இடப்பக்கம் படுக்கிறா.

கொட்டியாரக்கரை:
நல்லது தம்பி. அந்த மணலை என்ன செய்தீர்கள்?

சீனன்குடா_31:
உப்புவெளியில் மாமா வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது, அங்கே கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

கொட்டியாரக்கரை:
கடற்கரையில் அள்ளின மணல் என்றால் கொடுக்காதீர்கள். உப்புப் பூத்துச் சுவர் உரிந்து விழும், மாமா உங்களைத்தான் தேடுவார்.