அரியமானில் பேடில் போர்டு: போகும்போது வழுக்கிக்கிட்டுப் போகுது, திரும்பும்போது நகரவே மாட்டேங்குது

உச்சிப்புளி_துடுப்பு (கேள்வி):
காற்றடித்து மிதக்கவிடும் வகை பேடில் போர்டு (நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் பலகை). நீளம் 10 அடி 6 அங்குலம், அகலம் 32 அங்குலம், தடிமன் 6 அங்குலம். என் எடை 84 கிலோ, உயரம் 172 செ.மீ. பிப்ரவரியில் வாங்கியது. தண்ணீர் இருந்தவரை ஊர்க் கண்மாயில் ஓட்டினேன், இப்போது ஜூலையில் ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரை. ஏழரைக்கு இறங்கி ஒன்பதரைக்குள் ஏறுவது வழக்கம். மூன்று தொல்லை:

நடுவில் நின்றால் போர்டு வாழைப்பழம் மாதிரி வளைகிறது. 12 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அடிக்கிறேன், ஒரு மணி நேரத்தில் அழுத்திப் பார்த்தால் தொளதொள.

நேராக ஓட்டினாலும் இடப்பக்கமே இழுக்கிறது.

போகும்போது சுகமாகப் போகிறது. திரும்பும்போது எவ்வளவு துழாவினாலும் கரை நெருங்க மாட்டேன் என்கிறது. போன ஞாயிறு ஒரு நாட்டுப்படகுக்காரர் இழுத்துவிட்டார்.

போர்டே மட்டமா? கடினப் பலகை வாங்கினால் சரியாகிவிடுமா?

கச்சான்காற்று:
தம்பி, மூன்றாவதைத்தான் முதலில் பார்க்கணும். மற்ற இரண்டும் எரிச்சல், இது உயிர்ப் பிரச்சினை. போர்டுக்கும் இதுக்கும் பெரிய சம்பந்தமும் இல்லை.

அரியமான் வடக்கே பார்த்த கரை. இந்த மாசங்கள்ல அடிக்கிறது கச்சான். தென்மேற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வந்து உங்க முதுகுல விழுது. கரையோரம் மேடும் மரமும் மறைக்கிறதால முதல் நூறு, நூத்தம்பது மீட்டர் தண்ணி எண்ணெய் ஊத்தினாப்ல கிடக்கும். அதைப் பார்த்து இறங்குறோம். அதுக்கு அந்தப் பக்கம் தண்ணி நிறம் கறுத்து, சின்னச் சின்னச் சுருக்கம் வடகிழக்கு நோக்கி ஓடும். அந்தக் கோட்டைத் தாண்டினதும் உங்க உடம்புதான் பாய்மரம். துடுப்பே போடாம வெளியே போவீங்க, ‘நல்லா ஓட்டுறோம்’னு தோணும். கரையில அலை இல்லாததே காத்து எந்தப் பக்கம்னு சொல்லுது, நாமதான் அதை ‘அமைதி’ன்னு படிச்சுக்கிறோம்.

கணக்கு இதுதான். பழகினவரே நின்னு துடுப்பு போட்டா மணிக்கு 5, 6 கி.மீ. போனா பெருசு. எதிர்க்காத்து 10 நாட்டை (knot, காத்து வேக அலகு) தொட்டா, அதாவது மணிக்கு சுமார் 18 கி.மீ., புதுசா ஓட்டுறவருக்கு முன்னேற்றம் கிட்டத்தட்ட நின்னுடும். 12, 13 நாட்ல நல்லா ஓட்டுறவருக்கே திண்டாட்டம். செயலியில அலகு என்னன்னு பாருங்க. ‘12 தானே’ன்னு நினைச்சு இறங்குறவங்க பாதிப் பேர் நாட்டைக் கி.மீ.ன்னு படிச்சவங்க. 12 நாட்டுன்னா 22 கி.மீ. வெயில் ஏற ஏற காத்தும் ஏறும். ஏழரைக்கு 6 நாட்டா இருந்தது ஒன்பதுக்கு 12 ஆகுறது இந்த சீசன்ல சாதாரணம்.

அதனால ஜூலையில அரியமான்ல ஓட்டணும்னா, விடிஞ்சதும் இறங்கி எட்டுக்குள்ள ஏறிடுங்க. வெளிப்பக்கமாப் போகாம, கரைக்கு இணையா, இடுப்பளவு தண்ணியிலேயே போங்க. பாக் விரிகுடாவுல இந்தக் கரை மெதுவாத்தான் ஆழமாகும், நல்ல தூரம் கால் தரையில எட்டும். எதிர்க்காத்துப் பக்கம் முதல்ல போயிட்டு, காத்தோட திரும்பி வாங்க. தலைகீழாச் செஞ்சா, களைச்ச பிறகு எதிர்க்காத்து.

கீழக்கரை_காக்கா:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இதே பொறி மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் இருக்கிறது. அப்போது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து. அரியமானில் அலை நேரே கரையில் விழுந்து கலங்கிக் கிடக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம், கீழக்கரை, ஏர்வாடியில் கடல் கண்ணாடி. ‘அங்கே கொந்தளிப்பு, இங்கே போகலாம்’ என்று வண்டியைத் திருப்புவார்கள். இங்கே கண்ணாடியாக இருப்பதற்குக் காரணமே காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதுதான். இந்த மாவட்டத்தில் எந்த மாதமானாலும் அமைதியாகத் தெரியும் கரை, பெரும்பாலும் ஆளை வெளியே தள்ளும் கரை.

மாட்டிக்கொண்டால்: உடனே மண்டியிடுங்கள், காற்று படும் உடம்பு பாதியாகிவிடும். துடுப்பைக் கீழே இறக்கிப் பிடித்து, குட்டையாக, வேகமாகப் போடுங்கள். புறப்பட்ட இடத்துக்கே போக வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம், எந்தக் கரை கிட்டமோ அங்கே சாய்வாக ஒதுங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் குப்புறப் படுத்து, துடுப்பைத் தண்டோடு நெஞ்சுக்கடியில் செருகி, இரண்டு கையாலும் துழாவுங்கள். போர்டை விட்டு மட்டும் நீந்தாதீர்கள். ஆள் ஏறாத போர்டைக் காற்று அடித்துப் போகும் வேகத்துக்கு யாராலும் நீந்திப் பிடிக்க முடியாது. காலில் லீஷ் கயிறு கட்டுவது அதற்குத்தான். லைஃப் ஜாக்கெட், விசில், நீர்புகா உறையில் போன். கடலோரக் காவல்படை 1554, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள்.

மண்டபம்_மெக்கானிக்:
இப்ப போர்டு. 84 கிலோவுக்கு 12 பத்தாது. வால்வு பக்கத்துல அதிகபட்சம் எவ்வளவுன்னு அச்சடிச்சிருக்கும், 6 அங்குலப் போர்டுல பெரும்பாலும் 15. அதுவரைக்கும் அடிங்க. கைப்பம்ப் கேஜோட முள் முதல் 5, 7 பி.எஸ்.ஐ. வரைக்கும் அசையாது, அதனால பம்ப் கெட்டுப்போச்சுன்னு நிறுத்திடாதீங்க. 8 தாண்டினதும் இருவழி அடைப்பானைக் கழட்டி ஒருவழியா அடிச்சா கை தாங்கும்.

காத்து இறங்குறதுக்கு இரண்டு காரணம் பொதுவா உண்டு. ஒண்ணு வெறும் சூடு. பம்ப் அடிக்கும்போது காத்து சூடாகுது. 40 டிகிரியில 15 இருந்தா, 29 டிகிரித் தண்ணியில போட்டதும் தானா 14 ஆயிடும், அது ஓட்டை இல்லை. திருப்பிச் சொன்னா, 30 டிகிரியில 15 அடிச்சதை மணல்ல வெயிலுக்குப் போட்டு உள்காத்து 60 டிகிரி ஆச்சுன்னா கிட்டத்தட்ட 18. தையல் விரிஞ்சுக்கும். சாப்பிடப் போகும்போது 3, 4 பி.எஸ்.ஐ. திறந்துவிட்டுட்டுப் போங்க.

ஆனா ஒரு மணி நேரத்துல தொளதொளன்னா ஓட்டைதான். சோப்புத் தண்ணி தெளிச்சு இந்த வரிசையில பாருங்க: வால்வு, சுத்தித் தையல் விளிம்பு, ஃபின் (போர்டு நேராப் போக அடியில வால்பக்கம் மாட்டுற செதில்) பெட்டி ஓரம், கடைசியா அடிப்பாகம் முழுக்க. வால்வுல நுரை வந்தா பாதிக் கேஸ் மணல்தான். காத்தை இறக்கி, நடுமுள்ளை அழுத்தி நல்ல தண்ணி ஊத்திக் கழுவுங்க, அப்பவும் வந்தா வால்வு சாவியால கால் சுத்து இறுக்குங்க. கண்மாயில ஓட்டினேன்னு சொல்றீங்க. ராமநாதபுரத்துக் கண்மாய்ல சீமைக்கருவேல் முள் இல்லாத ஓரம் எங்கே இருக்கு? அடிப்பாகத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். முள்ளு குத்தி நுனி உள்ள முறிஞ்சு நின்னா, அதுவே கொஞ்ச நாள் அடைப்பா இருக்கும். அப்புறம் மெல்லக் கசியும்.

பஞ்சர் கடைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க. டியூப் ஒட்டுற சொல்யூஷன் பி.வி.சி. துணியில நிக்காது. பைப் ஒட்டுற சொல்யூஷனும் வேண்டாம், காஞ்சதும் விறைச்சு வெடிச்சுடும்.

தொண்டி_திருக்கை:
இடப்பக்கம் இழுக்கிறதுக்கு மூணு விஷயம். துடுப்பு அலகு திரும்பியிருக்கா பாருங்க. சாய்வு முன்பக்கமா, நம்மை விட்டு விலகி இருக்கணும், கரண்டி மாதிரி தண்ணியை அள்ளக்கூடாது. இதைப் பத்துக்கு ஆறு பேர் தப்பாத்தான் பிடிப்பாங்க, கடையில கொடுக்கிறவரும் சேர்த்து. உங்க உயரத்துக்குத் துடுப்பு 192, 195 செ.மீ. போதும். அலகை விளிம்புக்குப் பக்கத்துல நேரா இறக்கி, கால் பக்கம் வந்ததும் எடுத்துடுங்க. பின்னாடி இழுத்தா போர்டு திரும்பும்.

அடுத்தது ஃபின். வளைவு வால்பக்கமாச் சாயணும். 9 அங்குல ஃபின் பாக் விரிகுடாக் கரையோரத்துக்கு நீளம். அங்கே அடியில முழுக்கக் கடல் தாழை, அதாவது கடற்புல். ஒரு கொத்து சிக்கினா போர்டு பிரேக் போட்டாப்ல இழுக்கும், ஒரு பக்கமாத் திரும்பும். 4, 5 அங்குல வளையுற ஃபின், இல்லன்னா பின்னாடி நல்லாச் சாய்ஞ்ச தாழை வழுக்குற ஃபின் போடுங்க. சிக்கினா இறங்க வேண்டாம், ரெண்டடி பின்னோக்கித் துழாவினா கழன்டுக்கும்.

மூணாவது, போர்டு வளைஞ்சிருந்தா வாலும் மூக்கும் மேலே தூக்கி, ஃபின் பாதி வெளியே நிக்கும். அப்ப நேரா எப்படிப் போகும்? காத்தைச் சரி பண்ணாம இதைச் சரி பண்ண முடியாது.

இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காம மணல்ல தேய்ச்சுக்கிட்டுப் போங்க. திருக்கை கிடந்தா விலகிடும். குத்திட்டா, தாங்குற அளவு வெந்நீர்ல, 45 டிகிரிக்கு மேல போகாம, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வெச்சிட்டு, ஆஸ்பத்திரி. பாசி வளர்க்கிற மூங்கில் மிதவைகள் கிட்டேயும் போகாதீங்க. கயிறும் நங்கூரமும் தண்ணிக்கடியில கிடக்கும், அது ஒருத்தரோட பிழைப்பும் கூட.

உச்சிப்புளி_துடுப்பு:
அண்ணே, காக்கா, எல்லாருக்கும் நன்றி. சோப்புத் தண்ணி பார்த்தேன். வால்வு சுத்தம். அடியில், கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி, கடுகளவு நுரை விட்டுவிட்டு வருகிறது. விரலால் தடவினால் ஒரு கறுப்புப் புள்ளி, நகத்தில் இடறுகிறது. துடுப்பும் திருப்பித்தான் பிடித்திருக்கிறேன். எப்படி ஒட்டுவது? இன்னொன்று: காற்று இல்லாத மாதத்தில் பாம்பனிலிருந்து குருசடைத் தீவுக்கு ஓட்டிப் போகலாமா?

மண்டபம்_மெக்கானிக்:
கறுப்புப் புள்ளி முள் நுனிதான். காத்து முழுக்க இருக்கும்போதே ட்வீசரால பிடுங்கி, இடத்தை மார்க்கர்ல வட்டம் போடுங்க. அப்புறம் முழுக்கக் காத்தை இறக்கி, தட்டையா விரிச்சு, நல்ல தண்ணியில உப்பைக் கழுவிக் காய விடுங்க. 7 செ.மீ. விட்டத்துல பி.வி.சி. ஒட்டு, மூலை இல்லாம வட்டமா வெட்டணும், மூலை இருந்தா அங்கேதான் உரியும். இரண்டு பக்கத்தையும் அசிட்டோன்ல துடைங்க. நகப்பூச்சு அழிக்கிற பாட்டில் வேண்டாம், அதுல எண்ணெய் கலந்திருக்கும். ரப்பர் படகு ஒட்டுற பி.வி.சி. பசையை ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு பூச்சு, பத்து நிமிஷம் கழிச்சு இன்னொரு பூச்சு. விரல் வெச்சா ஒட்டணும், பசை கையோட வரக்கூடாது. அந்தப் பதத்துல வெச்சு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கண்ணாடிப் பாட்டிலால உருட்டிக் காத்துக்குமிழை வெளியேத்துங்க. மேலே கனம் வெச்சு 24 மணி நேரம். காலையில பனி ஈரத்துல ஒட்டாதீங்க, பசை வெளுத்துப் பிடிமானம் போயிடும். மத்தியானம், வீட்டுக்குள்ள. மறுநாள் 5 பி.எஸ்.ஐ. அடிச்சுச் சோப்புத் தண்ணி பார்த்துட்டு அப்புறம் 15.

கீழக்கரை_காக்கா:
தீவுக்குப் போக வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. குருசடை அதில் ஒன்று. வனத்துறை அனுமதியில்லாமல் நெருங்கவோ இறங்கவோ கூடாது. பாம்பன் வாய்க்காலில் நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும் இழுப்புக்கு மோட்டார் படகே பார்த்துத்தான் போகும். பாலத் தூண்களுக்கிடையே பேடில் போர்டு என்பது பேச்சுக்கே இடமில்லை.

சதுப்புக்காடு பார்க்க ஆசை என்றால் காரங்காட்டில் வனத்துறையே படகு விடுகிறது, அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். கண்மாய்க்குத் திரும்புவதாக இருந்தால் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், காஞ்சிரங்குளம், சித்திரங்குடி எல்லாம் பறவைகள் சரணாலயம், அங்கே இறக்கக்கூடாது. ஊர்க் கண்மாயிலும் மீன் குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்குங்கள்.

கச்சான்காற்று:
கடினப் பலகை கேட்டீங்களே தம்பி, இப்ப வேண்டாம். காத்து அதையும் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். ஒட்டு காஞ்சதும் 15 அடிச்சு, ஒரு ராத்திரி நிழல்ல வெச்சு, மறுநாள் அதே நேரம் கேஜ் பாருங்க. ஒரு பி.எஸ்.ஐ.க்குள்ள இறங்கியிருந்தா நிம்மதியா இறங்கலாம். பங்குனியிலயும், கச்சான் ஓய்ஞ்சு வாடை பிடிக்கிறதுக்கு முந்தின இடைவெளியிலயும் இரண்டு கரையும் காலையில ஓட்டத் தோதா இருக்கும்.

உச்சிப்புளி_துடுப்பு:
ஒட்டினேன். 15 அடித்தது, இருபத்து நாலு மணி நேரம் கழித்து 14.5. நடுவில் நின்றால் வளையவில்லை. 4.5 அங்குல ஃபின் போட்டு, காலை ஆறு மணிக்கு, இடுப்பளவு தண்ணீரில் மேற்கே போய்க் கிழக்கே திரும்பினேன். இடப்பக்க இழுப்பு இல்லை. ஆனால் சின்ன ஃபினில் நாலைந்து தடவை துடுப்பு போட்டாலே மூக்கு அலைகிறதே, அது இயல்பா?

தொண்டி_திருக்கை:
இயல்புதான். ஃபின் சின்னதானா நேர்ப்பிடிமானம் குறையும். மூணு தடவைக்கு ஒரு முறை பக்கம் மாத்திப் போடுங்க, ஃபினைப் பெட்டியில கடைசி வரைக்கும் வால்பக்கம் தள்ளி முடுக்குங்க. தாழை இல்லாத இடத்துக்கு 9 அங்குலத்தையே மாட்டிக்கலாம். திருகு மணல்ல விழுந்தா தேடிப் பிடிக்க முடியாது, உபரியா ரெண்டு பையில இருக்கட்டும்.